செலவு யாருடையது?

“ரெண்டு பொம்பளைங்க மட்டும் தனியாவா? அதுவும் ஐரோப்பாவுக்கா?” என்று மாமியார் கேட்டபோது, வெண்டைக்காயை நறுக்கியபடியே “ஆமாம் அத்தை” என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் உள்ளூரக் கலக்கம்தான். திருச்சியை விட்டு நான் தனியாகப் போன அதிகபட்ச தூரம், சென்னையில் இருக்கும் தங்கை வீடு!

நானும் என் சிநேகிதியும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. பூகோளப் புத்தகத்தில் ஆல்ப்ஸ் மலையைப் பார்த்து, “ஒருநாள் போகணும்டி” என்று பேசிக்கொள்வோம். அவள் பள்ளிக்கூட ஆசிரியை ஆனாள். நான் ப்ளஸ் டூவோடு நின்று, கல்யாணம், குழந்தைகள், வீடு என்று இருந்துவிட்டேன். போன தீபாவளிக்கு வந்தவள், “நமக்கு நாற்பத்தஞ்சு ஆச்சு. முழங்கால் நல்லா இருக்கும்போதே போயிடணும். மே லீவுல கிளம்பறோம்” என்றாள்.

அவள் கொண்டுவந்த முதல் திட்டத்தில் பன்னிரண்டு நாளில் ஏழு நாடுகள்! “இது சுற்றுலாவா, ஓட்டப் பந்தயமா?” என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காவிரிக் கரையோரம் இருவரும் ஆறு கிலோமீட்டர் நடந்து பார்த்தோம். மறுநாள் எனக்குக் குதிகால் தரையில் ஊன்றவில்லை. அவளுக்கு இடுப்பு. அப்போதுதான் உண்மை புரிந்தது. ஏழு நாடு மூன்றாயிற்று. பாரிஸில் நான்கு இரவு, சுவிட்சர்லாந்தில் லூசெர்னில் மூன்று, இத்தாலியில் வெனிஸில் இரண்டும் ரோமில் நான்கும். ஊருக்கு ஊர் ரயில். லூசெர்னிலிருந்து மிலான் போகும் வழியில் 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோட்டார்ட் சுரங்கம் வருகிறது. 2016-இல் திறந்தது, உலகிலேயே நீளமான ரயில் சுரங்கம் அதுதானாம். “மலையைப் பார்க்கப் போய், மலைக்குள்ளேயே போகப் போறோமா?” என்று சிரித்தோம்.

விசா விஷயத்தில் ஒன்று கற்றுக்கொண்டோம். ஷெங்கன் விசா ஒன்று வாங்கினால் 29 நாடுகளுக்கும் போதும். ஆனால் எந்த நாட்டிடம் கேட்பது? முதலில் இறங்குவது பாரிஸ் என்பதால் பிரான்ஸ் என்று நினைத்தோம். அப்படியில்லை. எங்கே அதிக நாள் தங்குகிறோமோ, அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். எங்களுக்கு அது இத்தாலி. பெரியவர்களுக்குக் கட்டணம், 2024 ஜூன் முதல், 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தோம். ‘தொழில்’ என்ற இடத்தில் பேனா கொஞ்சம் தயங்கியது. அடுத்த பக்கத்தில் இன்னொரு கேள்வி: பயணச் செலவு யாருடையது? விண்ணப்பிப்பவரே என்று ஒரு கட்டம். வேறொருவர் என்று ஒரு கட்டம்.

“உங்க வீட்டுக்காரர்னு போட்டுடுடி, வேலை முடிஞ்சுது” என்றாள் சிநேகிதி. அவளிடம் சம்பளச் சீட்டு இருக்கிறது. என்னிடம்?

பதினோரு வருஷமாக நான் அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைக்கிறேன். அந்தக் காசு மாதாமாதம் இவர் கணக்கில்தான் போய்ச் சேரும். பிள்ளைகளின் ஃபீஸும் அதில்தான், மாமியாரின் கண் ஆபரேஷனும் அதில்தான். இவர் ஒருநாளும் கணக்குக் கேட்டதில்லை. குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த இரண்டாவது கட்டத்தில் குறியிட எனக்குக் கை ஓடவில்லை.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, “என்னங்க, இது என் காசுல போகணும்னு ஆசையா இருக்கு” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “உன் காசுதானே? உன் பேரிலேயே இருந்திருக்கணும். எனக்குத் தோணவே இல்லை பாரு” என்றார்.

அந்த வாரமே என் பெயரில் பாங்க் கணக்குத் தொடங்கினோம். என் சேமிப்பை அதில் மாற்றினார். ஆனால் விசாவுக்குப் பல மாதத்துக் கணக்கைப் பார்ப்பார்கள். திடீரென்று மொத்தமாகப் பணம் வந்திருந்தால் சந்தேகம் வரும். ஆகவே மே மாதம் தள்ளிப் போயிற்று. சிநேகிதிக்குக் கோபம். இரண்டு நாள் போன் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் கடலை மிட்டாயோடு வந்து நின்றாள். “காலாண்டு லீவோட இன்னும் நாலு நாள் எழுதிக் கொடுத்துட்டேன். செப்டம்பர் கடைசியில கிளம்பறோம். போதுமா?”

இப்போது இரண்டு பேரும் தினம் காலையில் நடக்கிறோம். புது ஷூவை இங்கேயே போட்டுப் பழக்குகிறோம். நெய்யும் திரட்டுப்பாலும் எடுத்துப் போக முடியாது. பால் பொருள்களை அங்கே அனுமதிப்பதில்லை. பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் போதும். பிரஷர் மாத்திரை, டாக்டர் சீட்டோடு கைப்பையில். குளியலறைக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் குவளை – இது என் மாமியாரின் யோசனை!

விண்ணப்பத்தை அடுத்த வாரம் கொடுக்கப் போகிறோம். தொழில் என்ற இடத்தில் ‘இல்லத்தரசி, தையல்’ என்று எழுதியிருக்கிறேன். செலவுக்கு முதல் கட்டத்தில் குறியிட்டிருக்கிறேன். விசா தருவதும் தராததும் அவர்கள் கையில்.

சகோதரிகளே, நீங்கள் ஐரோப்பா போகிறீர்களோ, பழனிக்குப் போகிறீர்களோ, உங்கள் பெயரில் ஒரு பாஸ்புக் இருக்கட்டும். மாதம் நூறு ரூபாயாவது அதில் விழட்டும். எனக்கு இது நாற்பத்தைந்து வயதில்தான் தோன்றியது. நீங்கள் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம்.