என் புத்தகப் பையில் ஒரு கணிப்பொறி

"பையில் என்னம்மா, சாப்பாட்டுப் பெட்டியா?" என்று ஒரு சனிக்கிழமை, வந்தவாசியிலிருந்து ஆரணிக்குச் செல்லும் பேருந்தில் ஒரு பாட்டி கேட்டார். "இல்லை பாட்டி, கணிப்பொறி" என்றேன். அவர் நம்பவேயில்லை!

நம்பாததில் வியப்பில்லை. என் மாமா பயன்படுத்திவிட்டு எனக்குக் கொடுத்த அந்த மடிக்கணினியின் திரை 11 அங்குலந்தான். எடையோ ஒரு கிலோவுக்குச் சற்றே அதிகம். விடுதிக்கும் வீட்டுக்கும் அதைச் சுமந்து செல்வது எனக்கு ஒரு பாரமாகவே தோன்றியதில்லை. ஆனால் சிறியதற்கும் சில தொல்லைகள் உண்டு. விசைகள் நெருங்கியிருப்பதால் ஒன்றைத் தட்டினால் பக்கத்து எழுத்தும் வந்து விழும். பாடத்தில் பாதிப் பக்கந்தான் திரையில் தெரியும். எனினும் மின்சாரம் நின்ற இரவுகளில் மூன்று மணி நேரம் எனக்கு விளக்காகவும் ஏடாகவும் இருப்பது அதுவே.

தோழிகளே! இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். என் தந்தை ஆரணியில் பட்டு நெசவாளர். பதினோராம் வகுப்பில் எல்லோரும் தம்மை அறிமுகம் செய்துகொண்டபோது, "அப்பா பட்டு வியாபாரம்" என்று நான் கூறிவிட்டேன். கணினி அறிவியல் படிக்கும் பெண்ணுக்குக் குழித்தறி பொருந்தாது என்று எண்ணிய பேதைமை அது.

கோடை விடுமுறையில் ஒரு நாள், மாங்காய் புட்டா ஒன்றைக் கணிப்பொறியில் வரைந்து பெருமையுடன் அப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கட்டங்களை விரலால் எண்ணத் தொடங்கினார்.

"ஒரு கட்டம் ஒரு இழைம்மா. இங்க பாரு, நடுவுல எந்த இழையும் ஜரிகையைப் பிடிக்கல. அது மேலாக மிதக்கும். கட்டுறவங்க வளையல்ல மாட்டி அறுந்துடும்."

நான் வாயடைத்துப் போனேன். கணிப்பொறி அழகாக வரைந்து கொடுத்தது. ஆனால் அறுந்துபோகும் என்று அது சொல்லவில்லை.

விடுமுறை முடிந்ததும் எங்கள் சிஸ்டர் வகுப்பில் கணிப்பொறியின் வரலாற்றைக் கூறினார். பிரான்சு நாட்டு ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டில், துளையிட்ட அட்டைகளால் பூவேலை நெய்யும் தறியமைப்பை உருவாக்கினாராம். அட்டையில் துளை உள்ள இடத்தில் பாவு இழை உயரும். இல்லாத இடத்தில் உயராது. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ், தாம் திட்டமிட்ட கணக்கிடும் எந்திரத்துக்கு அதே அட்டை முறையைக் கையாண்டார். அந்த எந்திரம் முழுமை பெறவில்லை. ஆயினும் அதைப் பற்றி 1843-இல் விளக்கக் குறிப்புகள் எழுதிய அடா லவ்லேஸ் என்ற பெண்மணி, தறி பூக்களை நெய்வதோடு அந்த எந்திரத்தின் வேலையை ஒப்பிட்டார். 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் துளையட்டைகளே உதவின. துளை உண்டு, துளை இல்லை என்பது போலவே இன்றைய கணிப்பொறிக்கு ஒன்றும் பூச்சியமும்.

என் கண்கள் கலங்கின. எங்கள் வீட்டுத் தறியின் மேல் தொங்குகின்ற அட்டைகள் அல்லவா அவை! நான் எழுந்து நின்று, "சிஸ்டர், என் அப்பா வியாபாரி அல்லர், நெசவாளர். அந்த அட்டைகள் எங்கள் வீட்டில் இருக்கின்றன" என்றேன். சிஸ்டர் கடிந்துகொள்ளவில்லை. "அடுத்த வாரம் ஒன்று கொண்டு வா, எல்லோரும் பார்க்கட்டும்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை அப்பாவிடம் அனைத்தையும் சொன்னேன், நான் சொன்ன பொய்யையும் சேர்த்து. சற்று நேரம் நாடா ஓடவில்லை. பிறகு அவர் சிரித்து, "அப்போ உன் பொட்டி என் தறிக்குப் பேத்தின்னு சொல்லு" என்றார். பழைய அட்டை ஒன்றைத் துடைத்து, என் கணிப்பொறியோடு சேர்த்துப் பையில் வைத்தார்.

இப்போது யாராவது பையில் என்ன என்று கேட்டால், இரண்டையும் எடுத்துக் காட்டுகிறேன். உழைக்கும் கரங்களை எனக்குத் தந்தையாகத் தந்த இறைவனுக்கு நன்றி!