முதலில் எடைமேடை, பிறகு காடு

பினாங்குத் தீவின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 300 சதுர கிலோமீட்டர்தான். ஆனாலும் ஒரு சனிக்கிழமை காலையில் ஜார்ஜ் டவுன் கடைத்தெருக்களில் நின்று பாருங்கள். கூரைமேல் மடித்த கூடாரம், பக்கவாட்டில் மண்வெட்டி, முன்னால் இரும்பு பம்பர், காதோரம் ஏறும் ஸ்நோர்க்கல் குழாய் என்று ஆஸ்திரேலியப் பாலைவனத்தைக் கடக்கக் கிளம்பியதுபோல ஒரு பிக்கப்பாவது நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும். சற்று நேரத்தில் அது ஏதோ ஒரு வாகன நிறுத்தக் கட்டடத்தின் வாசலில், தலைக்கு மேலே தொங்கும் உயரக் கம்பியைப் பார்த்துத் தயங்கி நிற்கும். இரண்டு மீட்டருக்கு மேல் போனால் உள்ளே விடமாட்டார்கள். சேறும் ஆறும் வருவதற்கு முன்பே நம் ஊரில் வண்டிக்கு வரும் முதல் தடை இதுதான்.

ஃபோர் வீல் வண்டியில் வீட்டையே ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்த் தங்குவதை இப்போது ‘ஓவர்லேண்ட்’ என்கிறார்கள். பெயர் புதிதாகத் தெரிந்தாலும் பழக்கம் பழையது. 1955 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து புறப்பட்டார்கள். ஐரோப்பா, இந்தியா, பர்மா, தாய்லாந்து என்று வந்து, நம் தீபகற்பத்தின் வழியாக 1956 மார்ச்சில் சிங்கப்பூரை அடைந்தார்கள். அந்த இரண்டு வண்டிகளில் ஒன்று செப்பனிடப்பட்டு 2019இல் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கே திரும்ப ஓடியது. அன்றைய வண்டியில் குளிர்பெட்டி இல்லை, லித்தியம் பேட்டரி இல்லை, ஏசி இல்லை. இன்று நாம் இரண்டு இரவு கிரிக் பக்கம் போய்வர அவர்களைவிட அதிகமாகச் செலவழிக்கிறோமோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

செலவைவிட எனக்குப் பெரிய கவலை எடை. விளம்பரங்கள் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. இரட்டைக் கேபின் பிக்கப்புகள் பலவும் ஏறக்குறைய 800 கிலோவிலிருந்து ஒரு டன் வரைதான் சுமக்கும். அந்தக் கணக்கில் ஓட்டுநரும் பயணிகளும் அடக்கம். நான்கு பெரியவர்கள் ஏறினாலே 260 கிலோ. கேனப்பி 80. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் இரண்டு டிரம் என்றால் 40. கூரை சமாசாரம் இன்னும் கறாரானது. ஓடும் வண்டியில் கூரை தாங்கக்கூடியது பெரும்பாலும் 50 முதல் 100 கிலோவுக்குள்தான். கூரைக் கூடாரம் ஒன்றே 60 கிலோ வரும். அதன்மேல் கயாக் படகையும் கட்டிக்கொண்டு மலைப்பாதையில் வளைந்தால் வண்டி எந்தப் பக்கம் சாயும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எடையைப் பங்கிடும் வித்தையை பினாங்குக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாசி கண்டார் என்ற பெயரிலேயே அது இருக்கிறது. கண்டார் என்பது தோளில் சுமக்கும் காவடித் தடி. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் குழம்பையும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளிகளைத் தேடி நடந்தார்கள். ஒரு பக்கம் கனத்தால் தோள் போய்விடும். பிக்கப்பிலும் அதே கதைதான். கனமானது எல்லாம் பின் அச்சுக்கு முன்னால், தரைக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். பின்கதவு ஓரத்தில் குளிர்பெட்டி, இரும்பு டிராயர், தண்ணீர் டிரம் மூன்றையும் அடுக்கினால் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் பிடிப்பு குறையும். அளவுமீறி ஏற்றிய பிக்கப்புகள் மேடுபள்ளத்தில் குதித்துக் குதித்து, சேசிஸ் நடுவில் வளைந்துபோனதை ஆஸ்திரேலியாவில் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

அதனால் நான் பொருள் வாங்குவதற்கு முன் வண்டியை நிறுத்துப் பார்த்தேன். செபராங் பிறை தென்பகுதியில் செம்பனைப் பழம் வாங்கும் இடங்களில் லாரிகளுக்கான எடைமேடை உண்டு. கேட்டால் சில வெள்ளிக்கு நிறுத்துக் கொடுப்பார்கள். என் பழைய ஹைலக்ஸ், முழு டேங்க் டீசலோடும் என்னோடும் 2,160 கிலோ. மறுமுறை கேனப்பி, தண்ணீர், அடுப்பு, கூடாரம், மனைவி, ஆறு வயது மகள் எல்லாரோடும் எல்லாவற்றோடும் ஏறி நின்றபோது 2,610. எடைச்சீட்டு எழுதிய பெண் எட்டிப் பார்த்து, “பழம் எங்கே அண்ணே?” என்றாள். அனுமதித்த மொத்த எடைக்கு இன்னும் 250 கிலோ மிச்சம் இருந்தது. என் ஆசைப் பட்டியலில் அப்போது இருந்தவை: இரும்பு பம்பர் 60, வின்ச் 35, இரும்பு டிராயர் 70, கூரைக் கூடாரம் 60. கூட்டினால் 225. அப்புறம் பாலிங் பக்கம் வழியில் வாங்கும் டுரியானுக்கு இடமிருக்காது.

பிறையில் எனக்கு வண்டி பார்க்கும் அண்ணன் பழைய தோட்டத்துக்காரர். துரையின் லேண்ட் ரோவருக்கு அடியில் படுத்தே தொழில் கற்றவர். பட்டியலை வாங்கிப் பார்த்தார்.

“எத்தன பேரு தம்பி தூங்குவீங்க?”

“மூணு பேருண்ணே.”

“பாப்பா ராத்திரி ஒண்ணுக்குப் போகணும்னா ஏணியில எறங்குமா?”

கூரைக் கூடாரம் அங்கேயே அடிபட்டது. ஈரத் தரையும் அட்டையும் உள்ள நம் காட்டில் உயரத்தில் படுப்பது சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குத் தரைக் கூடாரமே போதும். அதைக் கழற்றாமலே வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்கும் போய்வரலாம். அந்தப் பணத்தில் நல்ல விரிப்புப் பந்தல் ஒன்று வாங்கினேன். இந்த நாட்டில் மாலை மழை வராத நாள் குறைவு. சமைக்கவும் உட்காரவும் ஒதுங்க இடமிருந்தால் பயணம் பயணமாக இருக்கும். இல்லையென்றால் மூன்று பேரும் வண்டிக்குள் பிஸ்கட் தின்றுகொண்டிருக்க வேண்டியதுதான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் தண்ணீர்ப் பந்தல் போடும் குடும்பங்களைக் கவனித்திருக்கிறீர்களா? லாரியிலிருந்து முதலில் இறங்குவது பந்தல் துணி. பிறகு தண்ணீர் டிரம், கேஸ் தோம்பு, கடைசியில்தான் நாற்காலி. அதே வரிசையில்தான் நானும் பின்கதவுப் பக்கம் அடுக்கி வைத்திருக்கிறேன்.

அடுக்குவதில் எனக்குக் குரு ரொட்டி விற்கும் பாய்கள். ஒரு மோட்டார் சைக்கிளில் ரொட்டி, பன், காயா, முறுக்கு, சில்லறை எல்லாம் இருக்கும். எதை எடுக்கவும் இன்னொன்றை நகர்த்த வேண்டியதில்லை. விலையுயர்ந்த இரும்பு டிராயருக்குப் பதிலாக 35 கிலோவில் பிளைவுட் பெட்டிகள் அடித்துக்கொண்டேன். மழையில் நின்றுகொண்டு டார்ச் தேடும்போதுதான் அடுக்கின் அருமை தெரியும்.

மின்சாரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் கேட்கிறார்கள். 45 வாட் கம்பிரஸர் உள்ள சின்னக் குளிர்பெட்டி நம் வெயிலில் பாதி நேரம் ஓடுவதாக வையுங்கள். ஒரு நாளைக்கு 540 வாட் மணி, அதாவது 12 வோல்ட்டில் 45 ஆம்பியர் மணி. 100 ஆம்பியர் மணி ஈய பேட்டரியில் பாதியைத்தான் பயன்படுத்தலாம். அதற்கு மேல் வடித்தால் ஆயுள் குறையும். ஆகவே ஒரு நாள் தாங்கும். எடை 30 கிலோவுக்குப் பக்கம். அதே அளவு லித்தியம் பேட்டரி 12 கிலோதான், இரண்டு நாளைக்கு நெருங்கித் தாங்கும். விலை அதிகம். என்ஜின் பேட்டரியிலேயே குளிர்பெட்டியை மாட்டி விடிய விடிய ஓடவிடுவது மட்டும் வேண்டாம். காலையில் கோழி குளிர்ச்சியாக இருக்கும், வண்டி கிளம்பாது.

வின்ச் இல்லாமல் சேற்றில் மாட்டினால்? முதல் மருந்து காசில்லாதது. சாலையில் 32 பிஎஸ்ஐ வைத்திருக்கும் டயரை 20 வரை இறக்கினால் அது நீளவாக்கில் பரவி மண்ணைப் பிடிக்கும். தார்ச்சாலைக்கு ஏறியதும் மறுபடி காற்றடிக்க ஒரு சின்னக் கம்பிரஸர் வேண்டும். அடுத்தது இழுகயிறு. ஜார்ஜ் டவுனில் ஜாலான் பிந்தால் தாலி என்று ஒரு தெரு இருப்பது உங்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் கயிறு திரித்த தெரு. அங்கே திரித்த கயிற்றுக்கும் இதற்கும் உறவில்லை. இது 20 முதல் 30 விழுக்காடு வரை நீளும் நைலான். இழுபட்டு நீண்டு, சேர்த்து வைத்த விசையில் வண்டியை வெளியே பிடுங்கும். அந்த விசைதான் ஆபத்தும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிற்றைக் கட்டி, அது முறிந்து பீரங்கிக் குண்டாகப் பறந்து ஆளைக் கொன்ற சம்பவங்கள் உண்டு. எடைத்திறன் பொறித்த ஷேக்கில், சேசிஸில் திருகிய கொக்கி, சுற்றி நிற்கும் கூட்டத்தைக் கயிற்றின் நீளத்துக்கு அப்பால் விரட்டுவது, இந்த மூன்றும் இல்லாமல் இழுக்காதீர்கள். லோரோங் கூலிட் சந்தையில் பழைய விளக்கும் சட்டியும் வாங்குங்கள், ஷேக்கில் வேண்டாம்.

வண்டியை உயர்த்துவது, அமைப்பை மாற்றுவது போன்றவற்றை ஜேபிஜே அனுமதியும் வாகனச் சோதனையும் இல்லாமல் செய்ய முடியாது. பட்டறைக்காரர் ‘ஒண்ணும் ஆகாது’ என்பார். சம்மன் உங்கள் பெயருக்கு வரும்.

சரி, எங்கே ஓட்டுவது? தீவில் ஃபோர் வீலுக்கென்றே பிறந்த சாலை ஒன்று உண்டு. தாவரவியல் பூங்கா வாசலிலிருந்து கொடிமலைக்கு ஏறும் சுமார் ஐந்து கிலோமீட்டர் ஜீப் பாதை. ஆனால் அனுமதி பெற்ற வண்டிகள்தான் போகலாம், நமக்குக் கால்நடைதான். 2021 தொடக்கத்திலிருந்து பெர்ரியும் கார்களை ஏற்றுவதில்லை. ஆகவே பாலம். அங்கிருந்து கூலிம், பாலிங் வழியாகக் கிரிக் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். கிரிக்கில் டேங்கை நிரப்பிக்கொண்டு கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் ஏறினால் பாண்டிங் தீவும் தெமெங்கோர் ஏரியும் வந்துவிடும். ராயல் பெலும் காட்டுக்குள் வண்டிக்கு வேலையில்லை, படகில்தான் போக வேண்டும். அதற்கும் அனுமதி வாங்க வேண்டும். வனக் காப்பகங்களில் பாதை திறந்து கிடப்பதாலேயே நுழைந்துவிடக் கூடாது; வனத்துறையிடம் கேளுங்கள். இந்தச் சாலையில் இரவில் ஓட்டுவதை நான் தவிர்க்கிறேன். 2025 மே 11, அன்னையர் தினத்தன்று, கிரிக் அருகே லாரி மோதிய கன்றைவிட்டு நகராமல் தாய் யானை அந்த லாரியை முட்டிக்கொண்டு நின்ற காட்சியைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கூரையில் விளக்குப் பட்டை மாட்டினால் யானைக்கும் எதிரே வருபவருக்கும் கண் கூசும்.

கூடாரம் அடிக்கும் இடம்தான் இவை எல்லாவற்றையும்விட முக்கியம் என்பேன். 2022 டிசம்பர் 16 விடிகாலையில் பத்தாங் காலி முகாம் தளத்தில் மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள். தெளிவான நாளில் பினாங்கிலிருந்தே தெரியும் ஜெராய் மலையில் 2021 ஆகஸ்ட் 18 அன்று பெய்த மழை, மரமும் பாறையுமாக யான் பக்கம் இறங்கி உயிர்களைக் கொண்டுபோனது. ‘கெப்பாலா ஆயர்’ வரும்போது நம் தலைக்கு மேல் மழை இருக்காது, மலையில் இருக்கும். தெளிந்த ஆறு திடீரென்று கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், சத்தம் கூடினால் சட்டியைக்கூட எடுக்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும். வண்டியை ஆற்றோர மணலில் நிறுத்துவது புகைப்படத்துக்கு அழகு. நான் மேட்டில், மூக்கு வெளிப்பக்கம் பார்க்க நிறுத்துவேன். அதன் பின்னால் பந்தல் கட்டி வழியை அடைக்கமாட்டேன். சரிந்த மண்ணின் வடு தெரியும் மலையடியில் இடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தங்குவதில்லை. தளத்துக்கு உரிமம் உண்டா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

மழை பிடித்துக்கொண்டால் கரி அடுப்பைக் கூடாரத்துக்குள்ளோ கேனப்பிக்குள்ளோ கொண்டுபோகாதீர்கள். ஏசிக்காக என்ஜினை ஓடவிட்டபடி தூங்கவும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கிளந்தான் பக்கம் நவம்பரிலிருந்து அடைமழை என்பதால் நாங்கள் மார்ச் தொடங்கி நடு ஆண்டு விடுமுறைக்குள் போய்வந்துவிடுவோம். திரும்பிய பிறகும் ஒரு வேலை மிச்சமிருக்கும். ஈரக் கூடாரத்தை மடித்தபடி இரண்டு நாள் விட்டால் கரும்புள்ளி பூஞ்சை பிடித்துவிடும், பிறகு போகாது. அடுக்குமாடி வீட்டில் பத்தடித் துணியை எங்கே உலர்த்துவது? எங்கள் மாடி நடைபாதைக் கம்பியில் ஞாயிறு இரவு அது தொங்கும். எதிர்வீட்டு ஆன்ட்டி அதைப் பார்த்துவிட்டு, “இந்தத் தடவை எங்கே போனீங்க?” என்று கேட்டுக்கொண்டே ஒரு முனையைப் பிடிக்க வருவார்.