அப்பாவின் கீபோர்டும் இரண்டு கடிகாரங்களும்

இந்த முறை நான் செய்த ஒரு தப்பைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கப்பா கோவில் கொடைகளில் கீபோர்டு வாசிப்பவர். தபேலாவுக்கு ஆள் வைக்க வசதியில்லை. லேப்டாப்பில் தாளத்தை ஓடவிட்டு, கூடவே வாசிப்பார். லேப்டாப் வயரைக் கீபோர்டின் ‘ஆக்ஸ் இன்’னில் மாட்டினால் ‘ங்ங்ங்’ என்று ஒரே இரைச்சல். சார்ஜரைப் பிடுங்கினால் இரைச்சல் நிற்கும். ஆனால் அரை மணியில் லேப்டாப்பும் நின்றுவிடும்!

முதலில் ‘மிடி இன்’னில் பாட்டை அனுப்பலாம் என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, 1983-இல் வந்த மிடியில் சத்தமே போகாது. எந்தக் கட்டையை எவ்வளவு அழுத்தினோம் என்ற செய்திதான் போகும். அதன் வேகம் நொடிக்கு 31,250 பிட். சிடி தரத்தில் பாட்டு போக நொடிக்கு 14,11,200 பிட் வேண்டும். கிட்டத்தட்ட 45 மடங்கு!

சரி, டிஜிட்டல் சத்தத்தை நேராக உள்ளே விடுவோம் என்று, அப்பா தூங்கியதும் கீபோர்டைக் கழற்றினேன். எண்களைச் சத்தமாக மாற்றும் சிப் ஒன்று உள்ளே இருந்தது. அதற்கு எண்கள் வரும் கம்பியிலேயே என் வயரையும் பற்றவைத்தேன். ஸ்விட்சைப் போட்டால் ‘கரகர’ என்ற சத்தம் மட்டும்தான். கீபோர்டு பேசவில்லை.

காலையில் அழுதுகொண்டே சொன்னேன். அப்பா அடிக்கவில்லை. “நாளைக்குக் கொடைக்கு அட்வான்ஸ் வாங்கிட்டேனேல” என்றார். அது அடியை விட வலித்தது.

ரேடியோ கடை அண்ணாச்சியிடம் தூக்கிப் போனோம். பார்த்ததும் சிரித்தார். “தம்பி, ஒரு கம்பியில ரெண்டு பேரு பேசினா எவன் பேச்சு கேக்கும்? அதுபோக, கீபோர்டுக்கு ஒரு கடிகாரம், லேப்டாப்புக்கு ஒரு கடிகாரம். ரெண்டும் நொடிக்கு 44,100 எண்ணுன்னுதான் சொல்லும். ஆனா துளி முன்ன பின்ன ஓடும். அப்ப டிக் டிக்குனு வெட்டும்.”

என் வயரை எடுத்ததும் கீபோர்டுக்கு உயிர் வந்தது. எனக்கும்தான்.

பிறகு அண்ணாச்சியே வழி சொன்னார். லேப்டாப்பில் ஒளி வழியாகச் சத்தம் அனுப்பும் யூஎஸ்பி சவுண்ட் கார்டு. கீபோர்டுக்குள் ஒரு சின்ன போர்டு. அந்த போர்டு, வருகிற ஒளியிலிருந்தே லேப்டாப்பின் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, எண்களைச் சாதாரணச் சத்தமாக மாற்றி, ‘ஆக்ஸ் இன்’னின் பின்பக்கம் கொடுத்துவிடும். கீபோர்டின் கடிகாரத்தைத் தொடவே வேண்டாம். நடுவில் இருப்பது பிளாஸ்டிக் இழை. ஒரு முனையில் எட்டிப் பார்த்தால் சிவப்பு வெளிச்சம். இயற்பியலில் படிக்கிறோமே முழு அக எதிரொளிப்பு, அதேதான். இழையில் மின்சாரம் போகாததால் இரண்டு எர்த்தும் சேர்ந்து வளையம் ஆகாது. இரைச்சலும் வராது.

பற்றவைத்தது நான்தான். அண்ணாச்சி பக்கத்திலேயே நின்றார். அப்பா டார்ச் பிடித்தார்.

கொடையன்று சார்ஜர் மாட்டியபடியே தாளம் ஓடியது. ஒரு ‘ங்ங்’ கூட இல்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பா, “அடுத்த தடவை என்னை எழுப்பிட்டுக் கழட்டு” என்றார்.

நண்பர்களே, புதுசாகச் செய்து பாருங்கள், தப்பில்லை. ஆனால் அடுத்தவர் சோறு அதில் இருந்தால், முதலில் கேட்டுவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுங்கள்!