திருப்பூரில் ஒரு டீக் கறை

திருப்பூரில் அண்ணன் வீட்டுக்குப் போன மறுநாளே அந்தக் கூத்து நடந்தது. அண்ணி ஆசையாக வாங்கி விரித்திருந்த வெள்ளை சென்னிமலை பெட்ஷீட்டில், ஒரு டம்ளர் டீயை அப்படியே கொட்டிவிட்டேன்! நல்லவேளை, அண்ணி கோவைக்குப் போயிருந்தார். பதறிப்போய் வெந்நீரும் சோப்புக் கட்டியுமாக ஓடினேன்.

"ஐயோ, சுடுதண்ணி வேண்டாமுங்க!" என்று தடுத்தார் பக்கத்து வீட்டு அக்கா. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நாள் முழுக்கக் கறையும் ஓட்டையும் தேடிப் பழகிய கண். "பால் ஊத்துன டீங்க. சூடு பட்டா பால் நூலோட இறுகிப் போயிரும். கட்டி சோப்பும் ஆகாது, டீயோட துவர்ப்பு பிடிச்சுக்கும்."

உலர்ந்த துணியால் ஒத்தி எடுத்தார், தேய்க்கவே இல்லை. கறையைத் திருப்பிப் பிடித்து, பின்பக்கமாகக் குழாய்த் தண்ணீரை விட்டார். பிறகு சோப்புத் தூள் கரைத்த தண்ணீரில் அரைமணி ஊறல்.

ஊறும் நேரத்தில் என் பழைய பாவத்தைச் சொன்னேன். அம்மா கையால் பூப்போட்ட மேஜை விரிப்பில் காபிக் கறை போக, பிளீச்சிங் பவுடரைக் குழைத்துப் பூசினேன். கறை போயிற்று, நாலே சலவையில் அந்த இடமும் கிழிந்து போயிற்று. இன்று நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

"துணி மட்டுமாங்க? எங்க நொய்யலே போச்சுங்களே!" என்றார் அக்கா. உண்மைதான். பாசனத்துக்காக 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவுதான் தேங்கியது. கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரிக்காத சாயப்பட்டறை, சலவைப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊரே வேலையில்லாமல் நின்றதை அக்கா சொன்னபோது, நான் பெட்ஷீட்டை மறந்தே போனேன்.

அலசிய பிறகும் லேசாகப் பழுப்பு. அதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக் கடையில் 6 சதவீதம் என்று எழுதியிருந்தால் சம அளவு தண்ணீர் கலக்க வேண்டும். கையுறை போட்டு, ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு, கறைமேல் தடவிக் கால் மணி வைத்து அலசினோம். தன் வேலை முடிந்ததும் அது தண்ணீராகவும் பிராணவாயுவாகவும் பிரிந்துவிடுகிறது. வெள்ளைப் பருத்திக்குத்தான் இது. சாயத் துணிக்கு, ஒரு கப் தண்ணீரில் ஒரு ஸ்பூன் வினிகர் கலந்து ஒத்தினால் போதும். பட்டுக்குப் பச்சைத் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டு, சலவைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று: வினிகரையோ எலுமிச்சையையோ பிளீச்சிங் பவுடரோடு சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும்.

கறை முழுதாகப் போனதைப் பார்க்காமல் இஸ்திரி போடக் கூடாதாம், போட்டால் நிரந்தரம். மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டோம். சாயங்காலம் அண்ணி வந்தார்.

"ஏனம்மிணி, புது பெட்ஷீட்டை எதுக்குத் தொவச்சே?"

"வெயில் நல்லா அடிச்சுது அண்ணி, அதான்" என்றேன். மதில் அந்தப் பக்கம் அக்கா சிரிப்பது கேட்டது.