டர்போ போச்சுன்னு சொன்னாங்க

பழைய எஸ்யூவி பாக்கப் போறீங்களா? முதல்ல ஒரு இன்ச் டேப் எடுத்துக்கோங்க. யூடியூப்ல எந்த அண்ணனும் இதைச் சொல்ல மாட்டார்.

எங்க வீட்ல வண்டி தேடினதே அப்பத்தாவுக்காகத்தான். இடுப்பு எலும்பு உடைஞ்சு, மூட்டு மாத்தி வெச்சிருந்தாங்க. முழங்காலை விட இடுப்பு கீழ இறங்குற மாதிரி உக்காரவே கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார். எங்ககிட்ட இருந்த சின்னக் கார்ல உக்காரறது கிணத்துல இறங்குற மாதிரி. ரொம்ப உயரமான வண்டின்னா ஏறவே முடியாது. அதனால ராசிபுரம், நாமக்கல், சேலம்னு போன இடத்துல எல்லாம் தரையிலேருந்து சீட் வரைக்கும் அளந்தேன். புரோக்கர்கள் சிரிச்சாங்க. "அம்மணி தச்சு வேலை படிக்குதுங்களா?"ன்னு ஒருத்தர் கேட்டார். என்கிட்ட இல்ல, அப்பாகிட்ட.

தச்சு வேலை இல்லீங்க, ஈசிஈ. மெக்கானிக்கல்னு நினைச்சு யாரும் சண்டைக்கு வராதீங்க.

அப்பா சேகோ ஃபேக்டரில கணக்கு எழுதறவர். ஏலச்சீட்டு எடுத்த 5 லட்சம்தான் மொத்தப் பணம். அதுக்கு மேல ஒரு ரூபா கிடையாது. இந்த பட்ஜெட்ல தேடினா முதல்ல கண்ணுல படறது டெல்லி வண்டிதான். பளபளன்னு இருக்கும், விலையும் குறைவு. காரணம் இருக்கு. 10 வருஷம் தாண்டின டீசல் வண்டி டெல்லியில ஓடக்கூடாதுன்னு 2015-ல தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது, 2018-ல உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி பண்ணுச்சு. அதனால அங்க விலை விழுந்த வண்டிகள் மத்த மாநிலங்களுக்கு வருது. ஆனா அதை இங்க உங்க பேருக்கு மாத்தணும்னா அந்த ஊர் ஆர்டிஓகிட்ட என்ஓசி வேணும், தமிழ்நாட்டு ரோடு டாக்ஸ் திரும்பக் கட்டணும். மிச்சம் பிடிச்ச பணம் அங்கயே கரைஞ்சிடும். அப்பா பேப்பர்ல கூட்டிப் பாத்துட்டு "வேண்டாம்"னார்.

கடைசியா சேலத்துல ஒரு 2014 மாடல், ஏழு சீட், டீசல். அளவு டேப்புக்கு சரியா வந்துச்சு. "நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு முன்னாடியே சொல்லி வெச்சிருந்தோம். போனதும் பானெட் மேல கை வெச்சுப் பாத்தேன், சில்லுன்னு இருந்தது. குளிர்ந்த இன்ஜின்தான் உண்மை பேசும். நீலப் புகை வந்தா ஆயில் எரியுது, வெள்ளைப் புகை நிக்காம வந்தா கூலன்ட் உள்ள போகுதான்னு சந்தேகப்படணும். ரெண்டும் இல்ல. டயர் ஓரத்துல நாலு எண் இருக்கும், பாத்திருக்கீங்களா? 2319-னு இருந்தா 2019-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சது. நாலு டயரும் அந்த வயசு. அதைக் காட்டியே அப்பா 15,000 குறைச்சார். கிலோமீட்டர் எண்ணை நம்பாதீங்க, பெடல் ரப்பர் தேய்மானத்தைப் பாருங்க. வாகனப் பதிவு ஆப்ல லோன் பாக்கி, செலான் எல்லாம் தெரியும். லோன் முடிஞ்சிருந்தாலும் பேங்க் என்ஓசியும் ஃபார்ம் 35-ம் கையில வாங்காம பணத்தைக் கொடுக்காதீங்க. ஃபார்ம் 29, 30 கையெழுத்து ஆச்சு. வண்டி வீட்டுக்கு வந்துச்சு.

மூணாவது வாரம் அரப்பளீஸ்வரர் கோயிலுக்குக் கொல்லிமலை போனோம். நல்லவேளையா அப்பத்தா வரல. 70 கொண்டை ஊசி வளைவு. பாதி கூட ஏறல, இன்ஜின் விளக்கு எரிஞ்சுது, ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதிச்சாலும் வண்டி முக்குது. ஆஃப் பண்ணி ஸ்டார்ட் பண்ணா சரியாகுது, ரெண்டு வளைவு தாண்டினா திரும்ப அதே கதை. இதுக்குப் பேர் லிம்ப் மோடு. ஏதோ தப்புன்னு தெரிஞ்சதும் இன்ஜின் கம்ப்யூட்டர் பவரைக் குறைச்சு, மெதுவா வீடு போய்ச் சேருன்னு சொல்லுது.

ஒரு ஒர்க்‌ஷாப்ல ஸ்கேனர் போட்டாங்க. பி0299. "டர்போ போச்சுங்க, 48,000 ஆகும்." அஞ்சே நிமிஷம். வீட்டுக்கு வர்ற வழியில அப்பா ஒரு வார்த்தை பேசல. ராத்திரி அம்மா வளையலைக் கழட்டி மேஜை மேல வெச்சாங்க. அப்பா அதைப் பாக்காத மாதிரி டிவி பாத்துட்டு இருந்தார்.

எனக்கு அந்த கோடுதான் உறுத்துச்சு. பி0299-க்கு அர்த்தம் டர்போ செத்துப் போச்சுன்னு இல்ல. எதிர்பார்த்த காத்தழுத்தம் வரலன்னுதான் அர்த்தம். நாம லேப்ல ஓசிலோஸ்கோப்ல அலை வரலன்னா உடனே ஐசியைத் தூக்கிப் போடறோமா? முதல்ல ஒயரைப் பாக்க மாட்டோமா?

ஆன்லைன்ல 600 ரூபாய்க்கு ஒரு ப்ளூடூத் ஓபிடி ரீடர் வாங்கினேன். ஸ்டியரிங்குக்குக் கீழ 16 பின் சாக்கெட் இருக்கும், அதுல சொருகினா போன்ல லைவ் டேட்டா வரும். அப்பா ஓட்ட, நான் பக்கத்துல உக்காந்து நோட்டுல எழுதினேன். ரெண்டே சென்சார்தான் பாத்தேன். ஒண்ணு, டர்போவுக்கு முன்னாடி உள்ள போற காத்தை அளக்குறது. இன்னொண்ணு, டர்போ தாண்டி இன்ஜின் வாசல்ல அழுத்தத்தை அளக்குறது. சும்மா நிக்கும்போது அழுத்தம் 100 கிலோ பாஸ்கல் பக்கம் இருக்கும், அது வெளிக்காத்தோட அழுத்தம். இந்த மாதிரி டீசல்ல நல்லா மிதிச்சா 200 தாண்டணும். எங்களுது 140-லயே நின்னுச்சு. ஆனா உள்ள போற காத்து மட்டும் ஜோரா ஏறுது.

போர்வெல் மோட்டார் தண்ணியை இழுக்குது, தொட்டிக்கு வந்து சேரல. மோட்டாரையா மாத்துவீங்க? நடுவுல பைப் உடைஞ்சிருக்கான்னு பாப்பீங்கல்ல?

அப்பாகிட்ட இதைத்தான் சொன்னேன். அவர் நோட்டை வாங்கி, கணக்குப் புத்தகம் மாதிரி ஒவ்வொரு வரியா விரல் வெச்சுப் படிச்சார். அடுத்த நாள் லீவு போட்டுட்டு, நாமக்கல்ல லாரி வேலை பாக்கற ஒரு வயசான மெக்கானிக்கிட்ட கூட்டிட்டுப் போனார். அவர் ஸ்கேனரைத் தொடவே இல்ல. நோட்டைப் பாத்தார், என்னைப் பாத்தார், வண்டிக்கு அடியில போனார். டர்போலேருந்து இன்டர்கூலருக்குப் போற ரப்பர் ஹோஸ், அடிப்பக்கம் ஆயில் கசிஞ்சு கறுப்பா இருந்துச்சு. கம்ப்ரஸர்ல காத்து கொடுத்து சோப்புத் தண்ணி ஊத்தினார். நுரை பொங்குச்சு. விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. அழுத்தம் ஏறும்போதுதான் வாயைத் திறக்குது, சும்மா பாத்தா தெரியாது.

"டர்போவைக் கையால ஆட்டிப் பாக்காம போச்சுன்னு சொல்லக் கூடாதுங் அம்மணி"ன்னு அதையும் ஆட்டிக் காட்டினார். ஆட்டம் இல்ல. ஹோஸ், கிளாம்ப், கூலி எல்லாம் சேர்த்து 2,250 ரூபா.

உங்களுக்கு ஒண்ணு: அந்த ரீடரை வண்டி வாங்கறதுக்கு முன்னாடியே சொருகிப் பாக்கலாம். கோடை அழிச்சிட்டு விக்கிறவங்க உண்டு. அப்போ ஆப்ல ரெடினஸ் மானிட்டர் எல்லாம் 'முடியல'ன்னு காட்டும். பேட்டரி கழட்டினாலும் அப்படித்தான் காட்டும், அதனால எப்போ கழட்டினாங்கன்னு கேளுங்க.

போன வாரம் அப்பத்தா முதல் தடவை ஏறினாங்க, செக்கப்புக்கு. சீட்ல உக்காந்து, காலை மெதுவா உள்ள எடுத்து வெச்சு, "வண்டி தேவலாங் கண்ணு"ன்னாங்க. சேலம் மேம்பாலத்துல நான் போனையே பாத்துட்டு வந்தேன். 210. பின் சீட் ஏசில மட்டும் காத்து கம்மியா வருது, அதுக்கு கோடு எதுவும் காட்டல. செமஸ்டர் முடிஞ்சதும் டேஷ்போர்டைக் கழட்டணும். அப்பா இன்னும் சம்மதிக்கல.