பட்டுக்கு விழுப்பில்லை

எங்கள் தெருவில் கம்பம் ஏறிய மின்சாரத் தொழிலாளி, விரிசல் கண்ட வெள்ளைப் பீங்கான் குமிழ் ஒன்றைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டுப் போனார். இரும்புக் கம்பத்துக்கும் கம்பிக்கும் நடுவே நின்று இத்தனை காலம் மின்சாரத்தை மறித்துவந்த அந்தக் குமிழ் இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் ஏனோ, பிறர் தீண்டாமல் பாட்டி காத்துவந்த மடிப் புடவையை நாடுகிறது.

1729-ஆம் ஆண்டு ஜூலையில், இங்கிலாந்தின் கெண்ட் பிரதேசத்து ஆட்டர்டனில், சாயத்தொழில் செய்து பிழைத்து 60 வயதைக் கடந்துவிட்ட ஸ்டீபன் கிரே என்பவர், தம் நண்பர் கிரான்வில் வீலரின் மாளிகையில், கண்ணாடிக் குழாயைத் தேய்த்துப் பிறப்பித்த மின்சக்தியைச் சணல் நூல் வழியே நெடுந்தூரம் அனுப்பிப் பார்த்தார். மறுமுனையில் தொங்கிய தந்த உருண்டை பித்தளை ரேக்கை ஈர்த்தால் சக்தி வந்து சேர்ந்ததென்று அர்த்தம். சணலைத் தாங்கப் பட்டிழை கட்டலாம் என்றது வீலரின் யோசனை. மெல்லிய இழையாதலால் சக்தி அதன் வழியே அதிகம் ஒழுகிவிடாது என்பது கணக்கு. கணக்கு பலித்தது. பின்னர்ப் பாரம் தாங்காமல் பட்டு அறுந்துவிடவே, அதேபோல் மெல்லிய பித்தளைக் கம்பியைக் கட்டிவிட்டுக் குழாயை எவ்வளவு தேய்த்தும் ரேக்கு அசையவே இல்லை. சூட்சுமம் பருமனில் இல்லை, பொருளின் சுபாவத்தில் இருக்கிறது என்பது அந்தத் தோல்வியில்தான் விளங்கிற்று. கடத்தி, காப்பான் என்ற பெயர்கள் பிற்பாடு வந்தவை. உலோகத்தில் எலெக்ட்ரான்கள் தடையின்றித் திரிவதும், பட்டிலும் பீங்கானிலும் அவை கட்டுண்டு கிடப்பதும் தெரியவந்தது அதற்கும் வெகுகாலம் கழித்து.

பாட்டிக்கு இதெல்லாம் முன்பே தெரியும் என்று மார்தட்டும் உத்தேசம் எனக்கில்லை. அவள் ஆசாரத்தால் மனம் நொந்தவர்கள் உண்டு என்பதையும் நான் மறக்கவில்லை. ஆயினும், விழுப்பு என்னும் தீட்டு பருத்தி வழியே பாயும், பட்டு வழியே பாயாது என்பது அவள் சாஸ்திரம். கொடியில் கிடக்கும் புடவையைக் கை படாமல் மூங்கில் மடிக்கோலால் அவள் எடுக்கும் லாகவத்தை, அறுந்த மின்கம்பியை உலர்ந்த கழியால் விலக்கிய ஒருவரிடம் பின்னாளில் கண்டேன். ஈரத்தில் மட்டும் இரு சாஸ்திரங்களும் பிணங்கின: பாட்டிக்கு ஈரப் புடவை பரம மடி, மின்சாரத்துக்கோ ஈரம் ராஜபாட்டை.

எனக்கு அப்போது 9 வயது. பூணூலுக்கு வாங்கிய பட்டு வேஷ்டியைப் பெட்டியிலிருந்து எடுத்து, பள்ளிக்கூடச் சட்டையோடு எட்ட நின்றபடியே, அதன் நுனியால் மட்டும், அப்பளம் இட்டுக்கொண்டிருந்த பாட்டியின் முதுகைத் தொட்டேன். அவள் திரும்பி வேஷ்டியைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள், சற்று நேரம் யோசித்தாள்.

"பட்டுக்கு இல்லைதான்டா, படவா. ஆனா உன்னை நம்ப முடியாது" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள்.