பழைய மரம் அறுக்கிற மிஷினும் நானும்



போன வாரம் போட்ட படத்தில் எனக்குப் பின்னால் திண்ணையில் வரிசையாக இருந்தவை என்ன என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ‘சார் மோட்டார் கடை வைத்துவிட்டாரா?’ என்று ஒரு மாணவி கிண்டல் செய்திருந்தாள். அவை மரம் அறுக்கிற மிஷின்கள். செயின்சா என்றால் இளையவர்களுக்குப் புரியும். மொத்தம் 11. எல்லாமே காயலான் கடைக்குப் போக இருந்தவை. இருப்பதில் இளையதற்கே 30 வயதுக்கு மேல் ஆகிறது. ஒன்பது நன்றாக ஓடும். ஒன்று அதற்கு மனசு வந்தால் ஓடும். மீதி ஒன்றைப் பற்றிச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

32 வருஷம் அறிவியலும் இயற்பியலும் நடத்தியவனுக்கு இந்த வயதில் இது என்ன வேலை என்று வீட்டம்மா கேட்காத நாளில்லை. எல்லாம் கஜா புயலில் ஆரம்பித்தது.

2018 நவம்பர் 16 விடியற்காலை. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்து ஆட்களுக்கு அதை விவரிக்க வேண்டியதில்லை. அப்பா தன் கையால் குழி வெட்டி வைத்த தென்னை 62. விடிந்ததும் எண்ணிப் பார்த்தேன். 8 நின்றது. கொல்லைக்குள் கால் வைக்க இடமில்லை. கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை. மரம் அறுக்கிற மிஷின் வைத்திருப்பவன் அன்றைக்கு ஜில்லா கலெக்டர் மாதிரி. கேட்ட கூலியைக் கொடுக்கத் தயாராக இருந்தாலும் ஆள் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் ஒருவன் தோளில் மிஷினோடு வந்து நின்றான். என் பழைய மாணவன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை தவறியவன். ஒருநாள் பாகைமானியைத் தலைகீழாக வைத்துக் கோணம் அளந்துகொண்டிருந்தவனைப் பார்த்து, “நீயெல்லாம் எதுக்குடா உதவப் போற?” என்று நாற்பது பிள்ளைகள் முன்னால் கேட்டேன். எனக்கு அது ஞாபகம் இருந்தது. அவனுக்கும் இருந்திருக்கும்.

“சார், வழி விடுங்க” என்று மட்டும் சொன்னான். இரண்டு நாள் அறுத்தான். கூலி வாங்கவில்லை.

தென்னை அறுப்பதற்கு லேசான மரம் என்று நினைத்திருந்தேன். இல்லை. உள்ளே சோறு மாதிரி இருந்தாலும் வெளிக்கட்டை இரும்பு. போதாததற்கு விழுந்த மரம் முழுக்க மணல். ஐந்தாறு வெட்டுக்குள் செயின் மழுங்கிவிடும். அவன் உட்கார்ந்து உருண்டை அரத்தை எடுத்து ஒவ்வொரு பல்லாகத் தீட்டுவான். பல்லுக்கு மூன்று இழுப்பு, எல்லாம் ஒரே சாய்வில். இடப்பக்கப் பல் எல்லாம் முடிந்த பிறகு, உட்காரும் பக்கத்தை மாற்றி வலப்பக்கப் பல். சும்மா இருக்க முடியாமல் உள்ளே போய்ப் பாகைமானி எடுத்துவந்து நாலு பல்லை அளந்தேன். 30, 30, 29, 31. அவன் நான் அளப்பதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த பல்லுக்குப் போய்விட்டான்.

இரண்டாம் நாள் சாயங்காலம் மிஷின் நின்றுவிட்டது. கயிற்றை எத்தனை தடவை இழுத்தாலும் ‘புஸ்’ என்றது. அவன் அப்பா மர டிப்போவில் வேலை பார்த்தபோது வாங்கியது அது. “இனி ஆகாது சார், எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்கணும்” என்றான். எனக்கு என்ன தோன்றியதோ, “என்கிட்ட விட்டுட்டுப் போடா” என்றேன்.

ஒரு மாதம் ஆனது. கார்பரேட்டரைப் பிரித்தால் உள்ளே ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு ஒரு ரப்பர் சவ்வு, அப்பளம் மாதிரி விறைத்துக் கிடந்தது. அந்தச் சவ்வுதான் இந்த மிஷினின் சூட்சுமம். பழைய ஸ்கூட்டர் கார்பரேட்டரில் ஒரு மிதவை இருக்கும். வண்டி நேராக நின்றால்தான் பெட்ரோல் மட்டம் சரியாக இருக்கும். மரம் அறுக்கிற மிஷினைச் சாய்க்க வேண்டும், படுக்கவைக்க வேண்டும், சில சமயம் கவிழ்க்கவே வேண்டும். அதனால் மிதவைக்குப் பதில் சவ்வு. எந்தப் பக்கம் திருப்பினாலும் என்ஜின் இழுக்கிற இழுப்புக்கு ஏற்ப அது அசைந்து பெட்ரோலை விடும். காற்றழுத்தம் பாடம் நடத்தும்போதெல்லாம் ஸ்ட்ராவில் இளநீர் குடிக்கிற உதாரணத்தையே சொல்லிக் காலத்தை ஓட்டினேனே என்று அன்றைக்கு வருத்தப்பட்டேன். இதை ஒருநாள் வகுப்பில் பிரித்துக் காட்டியிருக்கலாம்.

புதுச் சவ்வு போட்டு, பாயிண்டைத் தேய்த்து, காயிலுக்கும் காந்தச் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு பழைய விசிட்டிங் கார்டைச் செருகி இடைவெளி வைத்து இறுக்கி, பெட்ரோலில் லிட்டருக்கு 40 மில்லி 2டி ஆயில் கலந்து இழுத்தேன். ஏழாவது இழுப்பில் கிளம்பியது. தெருவே எட்டிப் பார்த்தது. 60 வயதில் நான் கத்தியது பக்கத்து வீட்டு வாத்துகளைக் கலைத்துவிட்டது.

அதன்பிறகு அது ஒரு வியாதி. புதுப்பேட்டை பழைய சாமான் கடைகள், குடகுப் பக்கம் மூடிய மர டிப்போக்கள், தெரிந்தவர்களின் பரண் என்று அலைந்து வாங்கினேன். பென்ஷனில் எவ்வளவு போனது என்று இங்கே எழுதினால் வீட்டில் படித்துவிடுவார்கள்.

இவற்றின் பூர்வீகத்தைப் படிக்கப் படிக்கச் சுவாரஸ்யம். சங்கிலியில் பல் வைத்து அறுக்கிற யோசனை முதலில் வந்தது மரத்துக்கு அல்ல, எலும்புக்கு. 1830 வாக்கில் பெர்ன்ஹார்டு ஹைனே என்ற ஜெர்மானியர், அறுவை சிகிச்சையில் எலும்பை அறுக்கக் கையால் சுற்றுகிற சங்கிலி ரம்பம் ஒன்று செய்தார். பெட்ரோல் மிஷினை எமில் லெர்ப் என்பவர் 1927-ல் ஜெர்மனியில் டோல்மார் என்ற மலையில் வைத்து ஓட்டிப் பார்த்தார். மலையின் பெயரே மிஷினுக்கும் வந்தது. அதைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டும். நம் அவன் அரம் போட்டானே, அந்தப் பல்லின் வடிவத்துக்கு அமெரிக்காவின் ஓரிகான் காட்டில் மரம் வெட்டிய ஜோ காக்ஸ் காரணம். 1946-ல் ஒரு கட்டையில் வண்டுப்புழு இடதும் வலதுமாகத் தாடையை அசைத்து, நார் போகிற போக்கிலும் குறுக்கிலும் தாராளமாகத் தின்றுகொண்டு போவதைப் பார்த்து அதே மாதிரி சங்கிலிப் பல் செய்தார். இன்றைக்கு ஓடுகிற செயின்களின் பாட்டன் அது.

எழுபதுகளின் தொடக்கத்தில் இன்னொன்று வந்தது. செயின் பிரேக். முன் கைப்பிடிக்கு முன்னால் ஒரு தடுப்பு இருக்கும். மிஷின் எகிறினால் அது இடது மணிக்கட்டில் பட்டு, உள்ளே ஒரு பட்டை கிளட்ச் டிரம்மைக் கவ்வி, செயினை அப்படியே நிறுத்திவிடும். என்னிடம் இருப்பதில் ஏழுக்கு அது கிடையாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் ரோட்டோரப் புளியமரம் ஒன்று சாய்ந்தது. அதை அறுக்கிற வேலை அவனுக்கு வந்தது. கஜாவுக்குப் பிறகு அவன் வாங்கிய புது மிஷின் பட்டறையில் கிடந்தது. “சார், உங்ககிட்ட பெருசா ஒண்ணு இருக்குல்ல?” என்று வந்தான். இருந்தது. அறுபதுகளின் மாடல். ஐந்து மாதம் உட்கார்ந்து சரிசெய்தது. பிஸ்டன் ரிங் கிடைக்காமல் லேத் பட்டறையில் சொல்லிச் செய்தது. இரண்டாவது இழுப்பில் கிளம்பும். என் பெருமையெல்லாம் அதில்தான் இருந்தது.

அவனை நிற்கவைத்து எல்லாம் சொன்னேன். ஆயில் எவ்வளவு, சோக்கை எப்போது விடுவது, சூட்டோடு நிறுத்தினால் உடனே இழுக்காதே, ரிங் எங்கே செய்தது, இது என்ன விலை போகும் என்பது வரை. ஒன்றை மட்டும் சொல்லவில்லை. பிரேக் கிடையாது என்று சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்பலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் மிஷினில் ஒரு குறை இருக்கிறது என்று சொல்ல அந்த நேரத்தில் வாய் வரவில்லை.

அவன் அப்பாவின் பழைய மிஷினிலும் பிரேக் கிடையாதுதான். ஆனால் புதுசு வாங்கிய பிறகு கை வேறு மாதிரிப் பழகிவிட்டது.

பாரின் நுனியை மூக்கு என்பார்கள். அதன் மேல் பாதியில் செயின் முன்னால் போய்க் கீழே திரும்புகிறது. அந்த இடம் ஏதாவது கட்டையில் பட்டால் பல் கடித்துக்கொள்ளும். செயினால் நகர முடியாது, எனவே மிஷின் நகரும். மேலே, பின்னால், பிடித்திருப்பவனை நோக்கி. நியூட்டனின் மூன்றாம் விதி. செயின் முழு வேகத்தில் நொடிக்குப் பதினைந்து, இருபது மீட்டர் ஓடுகிறது. மனிதன் சுதாரிக்க நொடியில் ஐந்தில் ஒரு பங்காவது வேண்டும். அதற்குள் மூன்று மீட்டருக்கு மேல் செயின் ஓடியிருக்கும். பலம், அனுபவம் எதுவும் உதவாது.

புளியங்கிளைக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் இன்னொரு கிளை இருந்திருக்கிறது.

இடது தோளில் 19 தையல். கழுத்துக்கும் அதற்கும் நாலு விரல் இடைவெளி. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, “மிஷினுக்கு ஒண்ணும் ஆகல சார்” என்றான். அவன் மனைவி சுவரோரம் நின்றிருந்தாள். வெளியே வரும்போது கூடவே வந்து, “அதை எடைக்குப் போட்டுருங்க சார்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாளே பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோனேன். தராசில் வைத்தார்கள். 13 கிலோ சொச்சம். கடைக்காரர் பணத்தை எண்ணினார். நான் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பிளக்கைக் கழற்றி அந்தப் பெண்ணிடம் கொடுத்து, இனி இது ஓடாது என்றேன். பிளக் எந்தக் கடையிலும் கிடைக்கும் என்பது அவளுக்கும் தெரியும். வாங்கி உள்ளே வைத்துக்கொண்டாள்.

படத்தில் வலது ஓரத்தில் இருப்பது அதுதான். மற்ற பிரேக் இல்லாதவற்றை யார் கேட்டாலும் கொடுப்பதில்லை. சனிக்கிழமை காலையில் நானே குதிரைக்கட்டையில் விறகைக் கட்டி வைத்து, ஆளுக்கு இரண்டு வெட்டு ஓட்டிவிட்டு நிறுத்துவேன். ஓட்டாமல் வைத்தால் சவ்வு மறுபடியும் அப்பளமாகிவிடும். பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வந்த பிறகு பழைய ரப்பருக்கெல்லாம் இன்னும் கஷ்டம். ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலி செய்துவிட வேண்டும், வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாதம் கழித்து அவன் வந்தான். கை தோளுக்கு மேலே முழுசாகத் தூக்க வரவில்லை, இப்போதும் வருவதில்லை. திண்ணையில் உட்கார்ந்து, “அன்னிக்கு ஏன் சார் அப்படி எகிறுச்சு?” என்று கேட்டான். இருபது வருஷமாக மரம் அறுக்கிறவன். எகிறும் என்று தெரியும், ஏன் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. நான் உட்பட.

என்ஜினை நிறுத்திவைத்த ஒரு மிஷினை எடுத்து, மூக்கைத் தூணில் முட்டவைத்து, செயினைக் கையுறை போட்ட கையால் நகர்த்திக் காட்டினேன். மேல் பாதியில் முட்டினால் பார் தானாக மேலே ஏறியது. கீழ்ப் பாதியில் ஏறவில்லை. அவன் மறுபடி மறுபடி செய்து பார்த்தான். பிறகு உள்ளே போய்க் கதவுக்கு அடித்து மிச்சமிருந்த சிவப்புப் பெயிண்டை எடுத்துவந்தேன். பதினொரு பாரிலும் மூக்கின் மேல் பாதியில் இரண்டு பக்கமும் அடித்தோம். அவன் புது மிஷினுக்கும் அடித்தான்.

இப்போதெல்லாம் சனிக்கிழமை மகனையும் கூட்டிக்கொண்டு வருகிறான். ஒன்பதாவது படிக்கிறான் பையன். அரம் போடுவது அப்பா வேலை, கோணம் அளப்பது மகன் வேலை. நான் காபி போட்டுக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருப்பேன். சிவப்பு நிற்பதே இல்லை, இரண்டு வெட்டு வெட்டினால் மரத்தூள் தேய்த்துவிடுகிறது. ஒவ்வொரு வாரமும் அடிக்க வேண்டியிருக்கிறது. டப்பா போன சனிக்கிழமையோடு தீர்ந்துவிட்டது. நாளைக்கு பட்டுக்கோட்டை போகிறபோது அரை லிட்டர் வாங்க வேண்டும்.